“நல்லதுக்குத்தானே சொல்றோம்”: உடல் எடையும் பாகுபாடும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தங்கைக்கு 29 வயது. எடை 94 கிலோ. வணிகவியல் பட்டம் பெற்றவர். இரண்டு நிறுவனங்களில் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகும், நேரில் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த குடும்பம் வாசல் வரை சிரித்துப் பேசிவிட்டு, “பொண்ணு கொஞ்சம் உடம்பைக் குறைச்சா யோசிக்கலாம்” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனாலும் எடையைப் பற்றிய அறிவுரைதான் முதலில் கிடைக்கிறது. உறவினரைக் கேட்டால், “அவ நல்லதுக்குத்தானே சொல்றோம்” என்கிறார்கள். இதைப் பாகுபாடு என்று சொல்லலாமா, இல்லை தங்கை மீதுள்ள பாசத்தால் நான் மிகைப்படுத்துகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மிகைப்படுத்தவில்லை. ஒருவருடைய உடம்பின் சுற்றளவைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையும், மருத்துவரின் கவனமும், சபையில் உள்ள மரியாதையும் குறைந்துபோகுமானால், அதற்குப் பாகுபாடு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. நான் ஒரு மாவட்டத் தலைநகரில் 22 ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்க்கிறேன்; நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மூட்டு வலியுமாக வருகிறவர்களே என் நோயாளிகளில் பெரும்பகுதி. ஆகவே மிகை எடையால் உடலுக்கு நேரும் தீங்கை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. அந்தத் தீங்கை அறிந்தவன் என்பதால்தான், எடையைக் காரணம் காட்டி மனிதரை மட்டம் தட்டும் வழக்கம் அந்தத் தீங்கோடு இன்னொன்றையும் சேர்க்கிறது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

எடையைப் பற்றிப் பேசுவது நம்மிடையே நெடுங்காலமாக நலம் விசாரிப்பதன் ஒரு பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது. நாள் கழித்துப் பார்ப்பவர் “என்ன, இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்று கேட்டால் அதில் பரிவு இருந்தது. மணமாகிப் போன மகள் முதல் தடவை பிறந்த வீட்டுக்கு வரும்போது பூசினாற்போல் இருந்தால், புகுந்த வீட்டில் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று தாய்க்கு மனம் ஆறும். அரை வயிற்றுக் கஞ்சியை அறிந்திருந்த தலைமுறைக்கு, உடம்பில் சதை என்பது சோறு கிடைத்ததற்குச் சாட்சி. இரண்டு தலைமுறைக்குள் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. “சதை போட்டிருக்க” என்ற அதே வாக்கியம் இன்று குற்றச்சாட்டாகக் கேட்கிறது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை மட்டும் பழைய பரிவின் பெயரால் அப்படியே நீடிக்கிறது.

இந்த மாற்றம் எவ்வளவு விரைவில் நிகழக்கூடும் என்பதற்கு ஃபிஜித் தீவு ஒரு நல்ல சான்று. அங்கே உரமான, பருத்த உடலே அழகு, அதுவே சுற்றத்தார் நன்கு பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அடையாளம் என்ற எண்ணம் நிலவியது. நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தபோது, ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் மானிடவியல் அறிஞருமானவர் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். மூன்றாண்டு கழித்து 1998-இல் மீண்டும் ஆராய்ந்தார். உணவு குறித்த மனக்கோளாற்றுக்கான வினாப்பட்டியலில் அபாயமான மதிப்பெண் பெற்றவர்கள் இதற்குள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். எடையைக் குறைப்பதற்காக வலிய வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை, இரண்டாவதில் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. அந்தப் பெண்களின் உடம்பு மூன்றாண்டில் நோயாகிவிடவில்லை. அவர்களுடைய உடம்பை அவர்களே பார்க்கும் கண் மாறிவிட்டது.

நம் பேச்சில் இதற்கென்றே ஒரு சொற்கிடங்கு இருக்கிறது. குண்டு, தடியன், பூசணிக்காய், யானைக்குட்டி என்று ஒரு பக்கம். நோஞ்சான், ஈர்க்குச்சி, எலும்புக்கூடு, காத்தடிச்சா பறந்துடுவ என்று மறுபக்கம். ஒல்லியானவர்கள் படும் துன்பத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், தாய்மைப் பேறு தள்ளிப்போன ஒரு மெலிந்த பெண்ணிடம் “உடம்புல தெம்பே இல்லையே, எப்படித் தங்கும்?” என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தமிழ்த் திரையுலகில் குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன் என்று உடலமைப்பே பெயரின் முன்னொட்டாகி, அந்த நடிகர்களின் திறமைக்கு முன்னால் அவர்களுடைய எடை அறிமுகமானது. அண்மையில், 2025 நவம்பரில், சென்னையில் ஒரு படத்தின் விளம்பரத்துக்கான செய்தியாளர் சந்திப்பில், தன் எடையைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்வி எந்த வகையில் படத்துக்குத் தொடர்புடையது என்று நடிகை கௌரி கிஷன் நேருக்கு நேர் கேட்டார். பிறகு பலர் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள். அந்த அரங்கில் அவர் தனியாகத்தான் வாதாட வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தராசு ஒன்றல்ல என்பதும் இச்சொற்களிலேயே தெரியும். 94 கிலோ உள்ள ஆணை “வாட்டசாட்டமான ஆள்” என்பார்கள். அதே எடையுள்ள பெண்ணுக்கு அப்படி ஒரு நல்ல சொல் தமிழில் புழக்கத்தில் இல்லை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஊதியத்தை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. பெண்களில் மிக மெலிந்தவர்களே கூடுதல் ஊதியம் பெற்றார்கள், எடை ஏற ஏற ஊதியம் இறங்கியது. ஆண்களிலோ மெலிந்தவர்கள்தான் குறைவாகப் பெற்றார்கள், ஓரளவு எடை கூடும்வரை ஊதியமும் கூடியது. வேலைத் திறனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமானால், அது ஆணுக்கு ஒரு திசையிலும் பெண்ணுக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்யக் காரணமில்லை.

இந்த மனப்பாங்கு வயது வந்த பிறகு ஒட்டிக்கொள்வதன்று. 1961-இல் அமெரிக்காவில் 10, 11 வயதுக் குழந்தைகளிடம் ஆறு படங்களைக் காட்டி, யாரைப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். உடற்குறை ஏதுமில்லாத குழந்தை, ஊன்றுகோலுடன் நிற்கும் குழந்தை, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகத்தில் மாற்றம் உள்ள குழந்தை, பருமனான குழந்தை ஆகிய ஆறில் கடைசி இடம் பருமனான குழந்தைக்குக் கிடைத்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே படங்களைக் கொண்டு ஆய்வைத் திரும்பச் செய்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசி இடம் மாறவில்லை. வெறுப்பின் அளவு முன்னைவிடக் கூடியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பருமனான குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பழகினால் வெறுப்பு குறையும் என்று பொதுவாக நம்புகிறோம். இதில் அது நடக்கவில்லை.

பெரியவர்களிடமும் அப்படியே. மனத்தின் உள்ளோட்டமான சாய்வை அளக்கும் இணையத் தேர்வொன்றை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திவருகிறார்கள். 2007 முதல் 2016 வரை அதில் சேர்ந்த 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளை ஆராய்ந்தபோது, ஒருபாலீர்ப்பினர் மீதான உள்மனச் சாய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நிறம், இனம் குறித்த சாய்வும் குறைந்திருந்தது. அந்தப் பத்தாண்டில் உள்மனச் சாய்வு கூடியது உடல் எடை ஒன்றில் மட்டும்தான்.

ஏன் இப்படி? என் அனுபவத்தில் இதன் வேர் ஒரே ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. நிறமும் உயரமும் பிறப்பால் வந்தவை, எடையோ அவரவர் வாயால் வந்தது என்று நாம் நம்புகிறோம். “வாயைக் கட்டத் தெரியல” என்ற மூன்று சொல் தீர்ப்புக்குள் சோம்பல், அளவறியாமை, மனவுறுதியின்மை எல்லாம் அடங்கிவிடுகின்றன. தானே தேடிக்கொண்ட துன்பத்துக்கு இரக்கம் எதற்கு என்று மனம் கேட்கிறது. ஆகவே இந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1986-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் உடல் எடையை அவர்களுடைய இரு வகைப் பெற்றோரோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது பெற்றெடுத்தவர்களின் எடையோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் எடையோடு ஒத்துப்போகவே இல்லை. ஒரே சமையலறையில் ஒரே சோறு உண்டு வளர்ந்தும், உடம்பு தான் பிறந்த வழியையே பின்பற்றியிருக்கிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு, கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலந்து, பசியை எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பதைக் கண்டறிந்தது. பசி என்பது மனவுறுதிக்கு அடங்கிய வேலையாள் என்ற எண்ணம் அன்றே தளர்ந்துவிட்டது.

இதற்கும் முன்பே நடந்த ஒரு சோதனையை என் நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்வேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் உடல்நலமும் மனநலமும் நன்றாக உள்ள 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு கொடுக்கப்பட்டது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அந்த இளைஞர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், மனச்சோர்வில் வீழ்ந்தார்கள், சோதனை முடிந்த பின் அடங்காமல் உண்டார்கள். இன்று நம் ஊரில் எடை குறைக்கச் சொல்லிக் கொடுக்கப்படும் உணவுப் பட்டியல்கள் பல 1,200 முதல் 1,500 கலோரிக்குள் அடங்குகின்றன. போர்க்காலச் சோதனையில் அரைப்பட்டினி என்று பெயரிடப்பட்டதற்கும் குறைவான உணவில் ஒரு பெண் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காமல் போனால், அவளுக்கு மனவுறுதி இல்லை என்கிறோம்.

எடையைக் குறைத்தவரின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. எடைக் குறைப்பைப் போட்டியாக நடத்திய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், அவர்களுடைய உடலளவுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இணையான ஆற்றலை உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எடை திரும்ப ஏறியிருந்தது.

இவற்றோடு நாம் கொடுக்கும் மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவை எடையை ஏற்றும். கருப்பை நீர்க்கட்டி என்று நம் பெண்கள் சொல்லும் சினைப்பைக் கோளாறும், தைராய்டு குறைவும் எடையோடு பின்னிக்கிடப்பவை. இரவுப் பணியும் தூக்கக் குறைவும் பசியைத் தூண்டும். மலிவான விலையில் வயிறு நிறையக் கிடைப்பது மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் என்றான பிறகு, எடை என்பது வசதியின் அடையாளமாகவும் இல்லை. உணவும் நடையும் பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றால் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் வருவதைத் தினமும் காண்கிறேன். ஒருவருடைய எடையைப் பார்த்து அவருடைய குணத்தைப் படித்துவிடலாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இனி என் துறைக்கு வருகிறேன். மருத்துவமனையில் நடக்கும் பாகுபாட்டை நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கே அது உயிரைத் தொடுகிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு தவறு செய்தேன். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு நடுவயதுப் பெண் இடுப்பு வலியோடு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் எடையைக் குறைக்கச் சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன்; படுக்கவைத்துத் தொட்டுப் பார்க்கவில்லை. நான்காம் முறை அவரைப் பார்த்த மூத்த மருத்துவர் முதுகெலும்பில் காசநோய் என்று கண்டுபிடித்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஒல்லியான ஒருவர் அதே வலியோடு வந்திருந்தால் முதல் நாளே படம் எடுக்கச் சொல்லியிருப்பேன் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கருவிகளே பாகுபாடு காட்டுவதும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, கையின் பருமனுக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிற கையில் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால், மேல் அழுத்தம் உண்மையைவிட ஏறத்தாழ 20 புள்ளி கூடுதலாகக் காட்டும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் அளந்து காட்டினார்கள். 125 உள்ளவருக்கு 145 என்று எழுதப்படும். அவருக்கு வேண்டாத மாத்திரை தொடங்கும். நான் பார்த்த சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது. பட்டை பற்றாமல் அவிழ்ந்துபோனால் செவிலியர் நோயாளியைத்தான் பார்க்கிறார், பட்டையைப் பார்ப்பதில்லை. கைப்பிடி வைத்த குறுகலான நாற்காலிகள், எல்லோர் முன்னிலையிலும் எடையைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம், பரிசோதனை மேசையில் ஏற உதவி கேட்டால் வரும் பெருமூச்சு எல்லாம் சேர்ந்து, இனி இங்கே வரக் கூடாது என்ற முடிவுக்கு ஒருவரைத் தள்ளுகின்றன. தள்ளிப்போட்டு வருகிறவர் நோய் முற்றி வருகிறார். அப்போதும் எடையைத்தான் குறை சொல்கிறோம்.

எடையையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஒல்லியானவர்களும் ஏமாறுகிறார்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டு எண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3, பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. நம்மவர்களுக்கு மெலிந்த தோற்றத்திலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், சர்க்கரை வரும். “உனக்கென்ன, ஒல்லியாத்தான இருக்க” என்ற சொல்லை நம்பிப் பரிசோதிக்காமல் இருந்து, பாதத்தில் புண் ஆறாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் குறியீட்டு எண்ணின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830-களில் உருவாக்கியவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர். மக்கள் தொகையின் சராசரி மனிதரை விவரிப்பதே அவருடைய நோக்கம், ஒரு தனி நோயாளியை எடைபோடுவது அன்று. 1972-இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் முன்பு சொன்ன ஆன்செல் கீஸ். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த, பல நாட்டு வல்லுநர்கள் கொண்ட ஆணையம் 2025 ஜனவரியில், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு செய்யக் கூடாது, உறுப்புகளின் செயல்பாடு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் இது பலரைத் தொடும் செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அந்த எண்ணில் மிகை எடையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஐந்தில் இருவர் என்ற நிலையில் உள்ளவர்களை இன்னும் விதிவிலக்காக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வேலையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், நம் நாட்டில் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. உடலமைப்பு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளிலும் உடற்பருமன் இல்லை. எடை கூடியதற்காகப் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தப்பட்ட விமானப் பணிப்பெண்களின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2008-இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2009 தொடக்கத்தில் ஏர் இந்தியா சிலரைப் பணிநீக்கமும் செய்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலோ 1976-ஆம் ஆண்டுச் சட்டமே உயரம், எடை இரண்டின் பேரிலும் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்துவிட்டது. நியூயார்க் நகரம் 2023-இல் அவ்வாறே செய்தது. டென்மார்க்கில் 15 ஆண்டு பணியாற்றிய ஒரு குழந்தைப் பராமரிப்பாளர் தன் எடைக்காகவே நீக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது இது: எடைக்கென்று தனிப் பாதுகாப்பு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இல்லை, ஆனால் பருமன் ஒருவர் பணியில் முழுமையாகப் பங்கேற்பதை நெடுங்காலம் தடுக்குமானால் அதை மாற்றுத்திறன் நிலையாகக் கொள்ளலாம். முழு வெற்றியன்று, என்றாலும் ஒரு கதவு திறந்தது.

நம்மிடமும் ஒரு சிறு கதவு உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. கல்லூரிகளில் ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிகளில், 2016-இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. நிறம், சாதி, மதம் முதலியவற்றோடு தோற்றத்தைக் காரணமாக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று அது சொல்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை உடம்பைச் சொல்லிச் சீண்டப்பட்டால், பெற்றோர் அதை விளையாட்டு என்று விட்டுவிட வேண்டியதில்லை. முறையாகப் புகார் எழுதலாம்.

கடைசியாக, “நல்லதுக்குத்தானே” என்ற வாதம். சொல்லிக்காட்டினால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்பதுதானே இதன் அடிப்படை? அதை ஆராய்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2,379 சிறுமியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 10 வயதில் “நீ ரொம்பக் குண்டு” என்று யாரேனும் ஒருவரால் சொல்லப்பட்டவர்கள், அப்போது என்ன எடையில் இருந்திருந்தாலும், 19 வயதில் உடற்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சொன்னவர் தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ ஆனால் அந்தத் தாக்கம் இன்னும் வலுவாக இருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை 2006 முதல் 2010 வரை தொடர்ந்த மற்றோர் ஆய்வில், தொடக்கத்தில் பருமனாக இல்லாமலே எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், நான்காண்டில் பருமனாகும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. அதே ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவில், எடைப் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்களுடைய எடையையும் நோய்களையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இதில் வியப்பில்லை. அவமானம் உடலில் கார்டிசால் என்ற சுரப்பைக் கூட்டுகிறது. அது பசியைத் தூண்டி வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கிறது. கேலிக்கு அஞ்சுகிறவர் பூங்காவில் நடப்பதை நிறுத்துவார், நீச்சல் குளத்துக்குப் போகமாட்டார், பந்தியில் கொஞ்சமாக உண்டுவிட்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உண்பார். என்னிடம் வரும் ஓர் இளம்பெண் தினமும் விடியற்காலை நடந்துகொண்டிருந்தார். வழியில் இருந்த தேநீர்க் கடையில் நின்றவர்கள் அடித்த ஒரே ஒரு நக்கலுக்குப் பிறகு நடப்பதை விட்டுவிட்டார். என் அறிவுரையால் எட்டு மாதத்தில் வந்த பழக்கம் அது. மறுபக்கம், 2025-இல் நம் நாட்டுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களையும் “குறுக்கு வழி” என்று பழிக்கிறோம். இளைக்காவிட்டாலும் குற்றம், மருந்தால் இளைத்தாலும் குற்றம் என்றால், நம் கோபம் எடையின் மீது இல்லை என்று தெரிகிறது.

உங்கள் தங்கைக்காகச் சில காரியங்களைச் சொல்கிறேன். மருத்துவரிடம் போகும்போது நீங்களோ நெருங்கிய ஒருவரோ உடன் செல்லுங்கள். எடையைப் பற்றிய பேச்சு முதலில் வந்தால், “இதே தொல்லையோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்களோ அதை இவருக்கும் செய்யுங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். மனச்சான்றுள்ள எந்த மருத்துவரும் அந்தச் சொல்லுக்கு நின்று யோசிப்பார். வேலை மறுக்கப்பட்டால் காரணத்தை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். சட்டம் துணை நிற்காவிட்டாலும், எழுத வேண்டும் என்று வரும்போது பலர் தம் காரணத்தைத் தாமே மறுபரிசீலனை செய்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எடையை முன்பே சொல்லிவிடுங்கள். ஒத்துவராதவர்கள் உங்கள் வாசற்படி ஏற வேண்டியதில்லை, தங்கையும் யார் முன்னும் நிறுத்தப்பட வேண்டியதில்லை. உறவினர்களிடம் பேசும் பொறுப்பைத் தங்கை மீது சுமத்தாதீர்கள். “அத்தை, அவ உடம்பைப் பத்தி அவளும் அவ டாக்டரும் பாத்துக்குவாங்க, நீங்க அவ வேலையைப் பத்திக் கேளுங்க” என்று அண்ணன் சொன்னால் அதற்கு வேறு எடை உண்டு.

உடல்நலத்துக்கென்று செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதை அவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, கல்லீரல் சோதனைகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தூக்கத்தில் பலத்த குறட்டையும் பகலில் அசதியும் இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் அவரே சொல்லட்டும். இடுப்புச் சுற்றளவைக் குறித்துவையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை குறித்துக் கவனம் வேண்டும், அது எடைத் தராசு சொல்வதைவிடப் பயனுள்ள செய்தி. இரத்த அழுத்தம் பார்க்கும்போது பெரிய அளவுப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பெரிய பட்டை உள்ள வேறோர் இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அதன் பிறகே மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.